கோவை அ. அய்யாமுத்து அவர்களும் கதர் விற்பனையும்

கொங்கு நாட்டு ஜவுளித் தொழிலைப்பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆலைகளின் புகைபோக்கிகளை எண்ணி எழுதிவிட்டுப் போய்விடுகின்றனர். 1888ம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரைமார் கோவையில் முதல் நூற்பாலையை நிறுவினதும், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் காளான்போல் பல்கினதும் நம்மில் எல்லோரும் கேட்டுக் கேட்டுப் பழகிய செய்திகளே. நூற்ற நூலையும் நெய்த துணியையும் எவ்வழியாக, எவர் கைமாறி, யாருக்கு விற்றனர் என்பதை எழுதுவார் அரியர். ஒரு பொருளை உண்டாக்குவது அருமை. அதனை விற்று முதலைக் கையிற் காண்பது அதனினும் அருமை. பஞ்சுக் கமிட்டியிலும் ஜவுளிச் சந்தையிலும் கையைச் சுட்டுக்கொண்ட நம்மவர்க்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்விற்பனைத் துறையில் ஒரு புதுமையான ஏற்பாட்டை நடத்திக்காட்டியவர்களுள் நம் காங்கேய நாட்டில் தோன்றிய ஒருவர் இருந்தார். அவரே கோவை அ. அய்யாமுத்து அவர்கள். இவரை நாடகாசிரியரென்று சிலரும், தேசபக்தரென்று சிலரும், வைக்கம் வீரரென்று சிலரும் அறிவர். திருப்பூரில் இருந்துகொண்டு கதரை விற்றவர் என்று நினைவுகூர்வோர் இப்பொழுது மிகக் குறைவு. ஆகவே அப்பகுதியையே இக்கட்டுரையில் சற்று விரிவாகச் சொல்ல எண்ணுகிறோம்.

அய்யாமுத்து அவர்கள் 1898ம் ஆண்டில் காங்கயத்தை அடுத்த பரஞ்சேர்வழி என்னும் ஊரில் வேளாண்குடியிற் பிறந்தார். கரியகாளியம்மன் கோயிலால் அவ்வூர் நம்மவர் பலருக்கும் அறிமுகமானது. ஆண்டுதோறும் அங்குப் பொங்கல் வைக்கும் குடும்பங்கள் இதனைப் படிப்போரிலும் பல உண்டு. மானாவாரிப் பூமி, ஆழக் கிணறு, கொறங்காட்டில் மேயும் மாடு, கரிசல் கண்ட இடமெல்லாம் பருத்தி என்பதே அப்பகுதியின் வாழ்க்கை. இளமையிலேயே அவர் கோவைக்கு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் தம் பெயரின்முன் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டாரேயன்றிப் பின்னே குலப் பட்டத்தை ஒட்டிக்கொள்ளவில்லை. ஒரு குலச் சங்கத்தின் பத்திரிகையில் இதனை மறைக்காமற் சொல்லுவதே முறையென்று கருதுகிறோம்.

1924ம் ஆண்டில் திருவிதாங்கூர் நாட்டு வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடத்தல் ஆகாதென்ற கொடுமையை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் எழுந்தபோது, ஈரோட்டிலிருந்து ஈ. வெ. இராமசாமியார் சென்றார், அப்போரில் கலந்து சிறை புகுந்த தமிழருள் அய்யாமுத்துவும் ஒருவர்.  பின்னர்ச் சிலகாலம் குடி அரசுப் பத்திரிகையிலும் எழுதினார். மேயோ என்னும் அமெரிக்க மாது 1927ல் இந்தியாவைப் பற்றி எழுதிய நூல் நாடெங்கும் பெருங் கிளர்ச்சியை உண்டாக்கியபோது, அவள் கூற்று மெய்யா பொய்யா என்று ஆராய்ந்து ஒரு தமிழ் நூலை இவர் வெளியிட்டார். சமூகத்தின் புண்களை மறைத்துவிட்டு அந்நியரை மட்டும் ஏசுவது இவருக்கு ஒவ்வாது. பின் காங்கிரசுப் போராட்டங்களில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அவர் மனைவியார் கோவிந்தம்மாளும் சிறை சென்றவரே. இவ்வம்மையாரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதத் தகும்.

நிற்க. கதரின் விற்பனையை உணரவேண்டுமாயின், அக்காலத்தில் மற்றத் துணியும் நூலும் எவ்வாறு விற்கப்பட்டன என்பதை முதலில் அறிதல் வேண்டும். கோவை ஆலைகளிற் பெரும்பாலானவை துணி நெய்யவில்லை, நூலையே நூற்றன. அந்நூல் பத்து ராத்தல் கொண்ட கட்டுகளாகக் கட்டப்பட்டு, நாற்பது கட்டுகள் சேர்ந்து நானூறு ராத்தல் கொண்ட ஒரு பேலாக ஆலையைவிட்டுப் புறப்படும். ஆலையின் நிருவாக ஏஜெண்டுகள் அதனைக் கமிஷன் வியாபாரிகளிடம் ஒப்புவிப்பர். அவர் ஈரோடு, சேலம், கரூர் முதலிய ஊர்களின் நூல் வியாபாரிகளுக்குக் கடனாகக் கொடுப்பர். அவர்களிடமிருந்து கைத்தறி முதலாளிகள் எடுத்து நெசவாளிக்குக் கொடுப்பர். நெசவாளி நூலைக் கடனாகப் பெற்றுத் துணியாகத் திருப்பிக் கொடுத்துக் கூலியை வாங்கிக்கொண்டு, வாங்கிய கூலியில் பழைய கடனுக்குப் பிடித்தம் போக மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோவான். துணி சந்தைக்குப் போய்த் தரகர் கைகளில் ஏறியிறங்கி, உடுத்துவோனிடம் வந்து சேருமுன் ஐந்தாறு லாபங்களைச் சுமந்திருக்கும். இவ்வேற்பாட்டைக் குறை கூறுவது எளிது. எனினும் கடன் கொடுக்கும் ஆற்றல் அதில் இருந்தது. கையில் முதலில்லாதவனையும் அது தொழிலில் நிறுத்தியது. அதன் தீமை எதுவெனில், விலை இறங்கும் காலத்தில் நட்டம் முழுவதும் படிப்படியாய்க் கீழே வழிந்து கடைசியில் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவன் தலைமேல் விழும் என்பதே.

கதர் இயக்கத்தார் இச்சங்கிலியை அறுக்க முயன்றனர். தொடக்கத்தில் அது ஒரு வியாபாரமாகவே தோன்றவில்லை. தமிழ்நாட்டுக் கதர்ப் போர்டின் தலைவராயிருந்த ஈ. வெ. ரா. அவர்கள், ஈரோட்டில் பெரிய மண்டி நடத்திய செல்வர், கதர் மூட்டையைத் தோளிற் சுமந்து தெருத்தெருவாய் விற்றார் என்பதை நம் பெரியோர் கண்ணாரக் கண்டு சொல்லியிருக்கின்றனர். சுமப்பவர் யாவரென்று பார்த்துத் துணியை வாங்கினவர் பலர். அவ்வகை விற்பனை திருவிழாக் காலத்துக்கு ஒக்குமேயன்றி ஆண்டு முழுவதும் நூற்பவளுக்கு வேலை கொடுக்கப் போதாது.

ஆகவே 1925ம் ஆண்டு செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய சர்க்கா சங்கம் நிறுவப்பட்டது. காந்தியடிகள் அதன் தலைவர். மாதம் ஆயிரம் கெஜம் தம் கையால் நூற்றுக் கொடுப்பவர் முதல் வகை உறுப்பினர்; ஆண்டுக்கு இரண்டாயிரம் கெஜம் கொடுப்பவர் இரண்டாம் வகையினர். சந்தாவை நூலாக வாங்கிய வியாபார ஸ்தாபனம் உலகில் வேறு இருந்ததாக நாம் கேட்டதில்லை. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் அமைந்தது. அவிநாசி, பல்லடம் தாலூகாக்களிலும் காங்கயம் பக்கத்திலும் கைராட்டினம் அடியோடு மறைந்துபோகாமல் பாட்டிமாரிடம் உயிரோடிருந்ததும், பஞ்சு காட்டிலேயே விளைந்ததும், ரயில் வசதி இருந்ததுமே இதற்குக் காரணம். 1927ல் காந்தியடிகள் திருப்பூருக்கு எழுந்தருளிய காலத்தில் தமிழ்நாட்டுக் கதரின் தலைநகர் என்றே அவ்வூர் பெயர் பெற்றிருந்தது.

முப்பதுகளின் பிற்பகுதியில் இக்கிளையின் பொறுப்பு அய்யாமுத்து அவர்கள் கைக்கு வந்தது. அங்கு நடந்த வேலை எத்தகையதென்பதை இக்காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்லுகிறோம். அறுவடைக் காலத்திலேயே பஞ்சை வாங்கிக் கட்டிவைக்கவேண்டும். காலந் தாழ்த்தினால் விலை ஏறிவிடும். அப்பஞ்சைக் கிராம நிலையங்களுக்கு அனுப்பவேண்டும். வாரத்தில் குறித்த நாளில் நூற்கும் பெண்கள் சிட்டங்களை மடியிற் கட்டிக்கொண்டு வருவர். ஊழியர் ஒவ்வொரு சிட்டத்தையும் கையால் இழுத்துப் பார்த்து, நம்பரும் முறுக்கும் உறுதியும் கண்டு, கூலி கணக்கிட்டு, அடுத்த வாரத்துக்குப் பஞ்சு நிறுத்துக் கொடுப்பார். நூல் நெசவாளிக்குப் போகும். கையால் நூற்ற நூலில் மேடும் பள்ளமும் இருக்குமாதலால் பாவோட்டுவோன் முணுமுணுப்பான். அறுந்த இழையை முடிந்து முடிந்து நெய்யவேண்டும். நெய்த துணி திருப்பூருக்கு வந்து சலவையாகி, மடிக்கப்பட்டு, விலைச் சீட்டு ஒட்டப்பட்டு, சென்னை, மதுரை முதலிய ஊர்களின் கதர் வஸ்திராலயங்களுக்கும், தமிழ்நாட்டில் செலவாகாதது பம்பாய் முதலிய வெளி மாகாணங்களுக்கும் அனுப்பப்படும்.

இதில் பேரம் இல்லை. சீட்டில் எழுதிய விலையே விலை. அடக்கத்தின்மேல் நிருவாகச் செலவுக்கென ஒரு சிறு வீதமே சேர்க்கப்படும். நம் நாட்டு ஜவுளிக் கடைகளில் பத்து ரூபாய் என்று தொடங்கி ஆறு ரூபாயில் முடிக்கும் பழக்கம் வேரூன்றியிருந்த காலத்தில், பேரம் பேசாத கடை சிலருக்குப் பெரிய நிம்மதியாயும், சிலருக்கு உப்பில்லாப் பண்டமாயும் இருந்தது.

இனி, இவ்வேற்பாட்டின் உயிர்நிலையான சங்கடத்துக்கு வருகிறோம். கதர் ஆலைத்துணியைவிட விலை கூடியது, முரட்டுத்தனமும் உடையது. அதனை வாங்குவோன் தேசபக்தியாலோ இரக்கத்தாலோதான் வாங்கவேண்டும். ஆகவே விலையைக் குறைக்கவேண்டுமென்று எல்லா நிலையத்தாரும் முயன்றனர். விலையில் எதனைக் குறைப்பது? பஞ்சு விலை சந்தையில் தீர்மானமாகிறது. நெசவாளி வேறு நூலுக்குப் போய்விடக் கூடியவனாதலால் அவன் கூலியைக் குறைக்க இயலாது. சலவைக்கும் ரயிலுக்கும் கொடுத்தே தீரவேண்டும். குறைக்கக்கூடியதாய் எஞ்சியது ஒன்றே: வேறு வேலைக்குப் போக வழியற்று வீட்டில் உட்கார்ந்து நூற்கும் கிழவியின் கூலி. பகலெல்லாம் ராட்டினஞ் சுற்றினாலும் ஓரணா அளவிலேயே அவள் கையில் நின்றது. ஏழைகளைக் காக்கவென்று தோன்றிய இயக்கம், ஏழைகளுள் ஏழையின் வயிற்றிலேயே தன் விற்பனையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

1935ம் ஆண்டில் காந்தியடிகள் இதனைச் சகியாமல், நூற்பவருக்கும் வயிறு நிறையும் கூலி கொடுத்தே ஆகவேண்டுமென்று வற்புறுத்தினார். எட்டு மணி நேர வேலைக்கு எட்டணா என்பது அவர் கருத்து. அது நடவாதென்று கண்டு, சில இடங்களில் மூன்றணா என்ற அளவில் தொடங்கினர். மூன்றணாவும் பழைய கூலியை நோக்கப் பன்மடங்கு. உடனே துணியின் விலை ஏறிற்று. விலை ஏறவே விற்பனை சுருங்கும் என்ற அச்சம் எங்கும் பரவிற்று. விற்பனை சுருங்கினால் எத்தனை ராட்டினங்களுக்குப் பஞ்சு கொடுக்க முடியும்? ஒருத்திக்கு மூன்றணா கொடுத்து, அடுத்த வீட்டுக்காரியை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது தருமமா? இருவருக்கும் ஓரணாக் கொடுத்து இருவரையும் அரைவயிற்றில் வைப்பது தருமமா? தராசைக் கையில் பிடித்த ஊழியனுக்கு இது வேதாந்த விசாரமன்று. வாரந்தோறும் சந்தை நாளில் எதிரே வந்து நிற்கும் கேள்வி.

திருப்பூரில் இக்கேள்வி பின்னும் கடுமையாயிருந்தது. ஏனெனில் அவ்வூரில் சங்கம் ஒன்றே கதர் விற்றதன்று. தனிப்பட்ட வியாபாரிகளும் கதர் உற்பத்தி செய்து வெளியூர்களுக்கு அனுப்பினர். சங்கம் அவர்களுக்கு அத்தாட்சிப் பத்திரம் கொடுக்கும். அதனைப் பெற்றவர் சங்கம் விதித்த கூலியைக் கொடுக்கவேண்டும், கணக்கைக் காட்டவேண்டும், ஆலைநூலைக் கலக்கக் கூடாது. கூலி ஏறியபின் அத்தாட்சி வேண்டாமென்று விலகிக்கொள்ளவும், குறைந்த கூலியில் நூற்பித்துக் குறைந்த விலையில் விற்கவும் ஆசை பிறப்பது இயல்பே. பாவில் ஆலைநூலும் ஊடையில் கைந்நூலுமாக நெய்து கதரென்று விற்ற போலியும் நடமாடிற்று. ஆலைகளே சில முரட்டுத் துணிகளுக்குக் கதரென்று பெயரிட்டு விற்றன. கையால் நூற்றுக் கையால் நெய்ததையே கதரென்று சொல்லலாமென்று 1934ல் மத்திய அரசாங்கம் சட்டம் செய்ய நேர்ந்தது இதனாலேயே. வியாபாரிகள் பக்கத்து நியாயத்தையும் நாம் மறுக்கவில்லை. முதல் போட்டவன் வட்டி எண்ணுவான். தேங்கிய சரக்கு அவனுக்குத் தூக்கத்தைக் கொடாது. ஆனால் காங்கிரசுக் கொடியின் பெயரால் விற்கும் துணியில் நூற்றவளின் கூலியைக் களவாடுவது மற்றத் துணியில் களவாடுவதினும் இழிவென்பதே நம் கருத்து.

அய்யாமுத்து அவர்கள் பேனாவையும் விற்பனைக்குத் துணையாகக் கொண்டார். குடி நூல் என்ற பெயரால் ஒரு பத்திரிகையை நடத்திக் கதரின் செய்திகளைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொன்னார். பெயரிலேயே பொருள் அடங்கியிருப்பது காண்க: குடியானவன் வீட்டு நூல், குடிகளைத் தாங்கும் நூல். இக்கால வியாபாரிகள் விளம்பரத்துக்குக் கோடி கோடியாய்ச் செலவிடுகின்றனர். அவ்விளம்பரம் பொருள் எவ்வளவு மலிவு, எவ்வளவு அழகு என்று சொல்லும். கதரை விற்பவனோ, இது ஏன் மலிவாயில்லை என்பதை வாங்குவோனுக்கு விளக்கியாகவேண்டும். அவ்வகை எழுத்துக்கு நாடகம் எழுதிப் பழகின கை உதவியிருக்குமென்று நாம் எண்ணுகிறோம். அவர் தமிழில் பூச்சு இராது. கொங்கு நாட்டுப் பேச்சின் நேர்மையும், இடையிடையே சுருக்கென்று தைக்கும் கேலியும் இருக்கும்.

இக்காலத்துத் திருப்பூரை நினைக்கும்போது 1932ம் ஆண்டு ஜனவரியில் அங்கு நடந்ததை மறத்தல் இயலாது. சென்னிமலையிற் பிறந்த குமரன் என்னும் இளைஞர் தேசியக் கொடியை ஏந்தி ஊர்வலம் சென்று தடியடிபட்டு 11ந் தேதி உயிர் நீத்தார். அவ்வூரில் கதர் விற்பது வெறும் கடை வைப்பதன்று என்பதை அங்குள்ளோர் அதன்பின் ஒருநாளும் மறக்கவில்லை.

யுத்தம் வந்தது, எல்லாம் தலைகீழாயிற்று. ஆலைத்துணி சேனைக்குப் போகவே ஊரில் துணிப் பஞ்சம் உண்டாயிற்று. 1943ம் ஆண்டு ஜூனில் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்து, ஆலைத்துணியில் விலையைக் குத்தி விற்கவேண்டுமென்று விதிக்கப்பட்டது. கள்ளச் சந்தை தோன்றிற்று. நேற்றுவரை கெஞ்சி விற்ற கதரை இன்று ஜனங்கள் தேடிவந்து கேட்டனர். விற்பனையாளனுக்கு இதைவிட நற்காலம் உண்டோ என்று தோன்றும். ஆனால் கதரில் நம்பிக்கை கொண்டு வருவோன் யார், வேறு துணி கிடையாமல் வருவோன் யார் என்று பிரித்தறிய முடியாமற் போயிற்று. சிறையிலிருந்து 1944ல் வெளிவந்த காந்தியடிகள் இதனைக் கண்டு, கதர் விற்பதற்கன்று, உடுத்துவதற்கே என்ற கொள்கையை அழுத்தமாகச் சொல்லலானார். கதர் வாங்குவோர் விலையில் ஒரு சிறு பங்கை நூலாகக் கொடுக்கவேண்டுமென்ற விதி 1945ல் வந்தது. கடையில் துணி வாங்கப்போகும் கனவான் பணப்பையோடு சிட்டத்தையும் கொண்டுபோகவேண்டும்! அடிகளின் உள்ளம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் இருபது ஆண்டு பாடுபட்டு ஒவ்வொருவராய்ச் சேர்த்த வாடிக்கையை இவ்விதி சிதறச் செய்தது என்றே நாம் கருதுகிறோம். நூல் விலைக்கு வாங்கி, அந்நூலைக் கொடுத்துக் கதர் வாங்கும் தந்திரமும் பிறந்தது. மனிதன் எந்த விதிக்கும் ஒரு சந்து கண்டுபிடிப்பான்.

1946ல் சென்னை மாகாணப் பிரதமரான பிரகாசம் பந்துலு, புதிய நூற்புக் கதிர்களை ஆலைகளுக்கு அனுமதிப்பதில்லையென்றும், அதற்குப் பதிலாகக் கதரைப் பெருக்குவதென்றும் தீர்மானித்தபோது கோவை ஆலை முதலாளிகள் திகைத்துப்போயினர். நம்மவரில் ஆலைப் பங்கு வாங்கியவரும் உண்டு, ராட்டினச் சங்கத்தில் உழைத்தவரும் உண்டாகையால் ஒரே வீட்டுத் திண்ணையில் இரு கட்சியும் உட்கார்ந்து வாதித்த காலம் அது. அம்மந்திரிசபை அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே முடிந்தது; திட்டமும் தளர்ந்தது. 1953ல் மத்திய அரசாங்கம் கதர்ப் போர்டு அமைத்து, பின்னர்த் தள்ளுபடி கொடுத்து விற்கும் முறை நிலைபெற்றது. வாங்குவோனுடைய மனச்சாட்சி சுமந்த பாரத்தைச் சர்க்கார் கஜானா சுமக்கத் தொடங்கிற்று. திருப்பூரோ பனியன் நெய்து உலகெங்கும் அனுப்பும் ஊராயிற்று.

அய்யாமுத்து அவர்கள் கலைத்துறையிலும் கை வைத்தார். 1947ல் வெளிவந்த கஞ்சன் என்னும் பேசும்படத்திற்குக் கதையும் வசனமும் எழுதினார். அரசியலில் இராஜாஜியிடத்துப் பேரன்பு பூண்டவராதலால், 1959ல் இராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபின் அப்பக்கமே நின்றார். ஈ. வெ. ரா. அவர்களோடு சிறையிலிருந்தவர், இராஜாஜியோடு கட்சியிலிருந்தவர், இருவரிடமும் தமக்குச் சரியென்று பட்டதைச் சொல்லத் தயங்காதவர் என்று மூன்றையும் ஒருங்கே பெற்றவர் கொங்கு நாட்டில் வேறெவரும் நமக்கு நினைவுக்கு வரவில்லை. கட்சி மாறினாரென்று ஏசினவர் உண்டு. அவர் உடுத்த துணி மாறவில்லை.

முதுமையில் தம் வரலாற்றை எனது நினைவுகள் என்னும் பெயரால் எழுதி 1973ல் வெளியிட்டார். கொங்கு நாட்டின் ஐம்பதாண்டுச் சரித்திரத்தைப் புழுதியோடும் வியர்வையோடும் காண விரும்பும் இளைஞர் அதனைத் தேடிப் படிப்பாராக. 1975ம் ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.